வெள்ளை அங்கிக்குள் இருந்தவர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற நகரம் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே நான்கு நாள் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும். ஆட்டக்காரர்கள் அவரவர் விருப்பப்படி உடுத்திக்கொண்டு வரலாம். அவர்களுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கும் கேடிகளுக்கு அந்த உரிமை கிடையாது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒன்றாகத் தைத்த வெள்ளை அங்கி, தலையில் பச்சைத் தொப்பி. முதுகில் ஆட்டக்காரரின் பெயர் பச்சை எழுத்தில் ஒட்டியிருக்கும். இடது மார்பில் ஓர் எண். முந்தைய ஆண்டு வென்றவரின் கேடிக்கு எப்போதும் 1. மற்றவர்களுக்குத் திடலுக்கு வந்து பதிவு செய்த வரிசைப்படி.

1982 வரை இந்த அங்கியைப் போட்டவர்கள் அகஸ்டா ஊரின் கறுப்பின ஆண்கள். எந்த நாட்டுச் சாம்பியனாக இருந்தாலும் சரி, போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் உள்ளூர்க் கேடி ஒருவரோடுதான் ஆட வேண்டும் என்பது அங்கே விதி. இன்று அதே அங்கிக்குள் இருப்பவர்கள் ஆட்டக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றும் தொழில்முறைக் கேடிகள். பெரும்பாலும் வெள்ளையர்கள். மாஸ்டர்ஸின் அன்றையும் இன்றையும் பற்றிப் பேசுகிறவர்கள் பரிசுத்தொகையைச் சொல்வார்கள், திடலின் நீளத்தைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஆள்மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. கறுப்பின ஆட்டக்காரருக்குக் கதவு திறந்து எட்டே ஆண்டுகளில் கறுப்பினக் கேடியின் கையிலிருந்து அந்த வாரம் போய்விட்டது.

போட்டியைத் தொடங்கியவர் பாபி ஜோன்ஸ். 1930இல் ஒரே ஆண்டில் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு, 28 வயதில் போட்டி ஆட்டத்தை விட்டு விலகியவர். காசுக்கு ஆடாத அமெச்சூர், தொழில் வழக்கறிஞர். கூட்டம் மொய்க்காத இடத்தில் நண்பர்களோடு ஆட ஒரு திடல் வேண்டும் என்பது அவருடைய ஆசை. நியூயார்க்கில் நிதித் தொழிலில் இருந்த கிளிஃபோர்டு ராபர்ட்ஸ் அதற்குப் பணம் திரட்டினார். அகஸ்டாவில் ஃப்ரூட்லேண்ட் என்ற பழைய நாற்றுப்பண்ணை விலைக்கு வந்தது. சுமார் 365 ஏக்கர். பெல்ஜியத்திலிருந்து குடியேறிய பெர்க்மான்ஸ் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் மரமும் பூச்செடியும் வளர்த்து விற்ற இடம். அதற்கும் முன்பு அவுரித் தோட்டம். நாற்றுப்பண்ணையாக இருந்ததால்தான் இன்றும் திடலின் 18 குழிகளுக்கும் அசேலியா, கமீலியா, மக்னோலியா என்று செடி, மரங்களின் பெயர்கள்.

திடலை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி 1934 ஜனவரியில் இறந்துபோனார். பேசிய கூலி அவருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. முதல் போட்டியைப் பார்க்கவும் அவர் இல்லை. பெருமந்தக் காலம், கிளப்பில் சேர ஆள் கிடைக்காமல் ராபர்ட்ஸ் திண்டாடிய நாட்கள். அந்த மார்ச்சில் நடந்த முதல் போட்டியில் ஹார்ட்டன் ஸ்மித் வென்றார். பரிசு 1,500 டாலர். மாஸ்டர்ஸ் என்ற பெயர் அகந்தையாக இருக்கிறது என்று ஜோன்ஸ் தயங்கியதால், 1939இல்தான் அது அதிகாரப்பூர்வமாக ஒட்டிக்கொண்டது. போர் வந்தபோது 1943 முதல் மூன்று ஆண்டுகள் போட்டி இல்லை. புல்வெளியில் மாடுகளையும் வான்கோழிகளையும் வளர்த்தார்கள். மாடுகள் அசேலியாச் செடிகளைக் கடித்துக் குதறிவிட்டன.

இரண்டாம் ஆண்டிலேயே இந்தப் போட்டியை நாடு முழுக்கப் பேச வைத்த அடி ஒன்று விழுந்தது. 1935இல் ஜீன் சாராசன், முன்னணியில் இருந்த கிரெய்க் வுட்டைவிட மூன்று அடி பின்தங்கி 15ஆவது குழிக்கு வந்தார். ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி. இரண்டாம் அடியைச் சுமார் 235 கெஜத்திலிருந்து அடித்தார். பந்து நேராகக் குழிக்குள் போய்விட்டது. ஒரே அடியில் மூன்றும் சமன். மறுநாள் 36 குழி ஆடி வென்றார். இந்தக் கதையைச் சொல்லாத கோல்ஃப் புத்தகம் இல்லை. பக்கத்தில் நின்ற கேடியைப் பெரும்பாலும் 'ஸ்டோவ்பைப்' என்று மட்டுமே சொல்வார்கள். அவர் வைத்திருந்த உயரமான பழைய தொப்பிக்கு வந்த பட்டப்பெயர். பல கேடிகள் அப்படித்தான் வரலாற்றில் நிற்கிறார்கள், தொப்பியாலோ நடையாலோ ஒட்டிக்கொண்ட பெயரில்.

கேடி என்றால் சுமைகூலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அகஸ்டாவின் கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகள், கண்ணை ஏமாற்றும். பார்த்தால் இடப்பக்கம் சரிவு. உருட்டினால் பந்து வலப்பக்கம் ஓடும். 12ஆவது குழி வெறும் 155 கெஜம். ஆனால் கிரீனுக்கு முன்னால் ரேஸ் ஓடை. காற்று பைன் மரங்களுக்கு மேலே ஒரு பக்கமும் கீழே இன்னொரு பக்கமுமாக வீசும். இதையெல்லாம் சொல்லித்தரக் கையேடு கிடையாது. சாண்ட் ஹில்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பில் பிறந்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் பை தூக்க வந்து, பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆண்டில் ஒரு வாரம் வந்துபோகும் சாம்பியனுக்கு அந்த அறிவு இல்லை. அர்னால்டு பால்மர் 1958க்கும் 1964க்கும் இடையே வென்ற நான்கு பட்டங்களிலும் உடன் நடந்தவர் 'அயர்ன் மேன்' என்று அழைக்கப்பட்ட நேத்தானியல் ஏவரி. ஜாக் நிக்லஸ் வென்ற முதல் ஐந்து பட்டங்களிலும் உடனிருந்தவர் வில்லி பீட்டர்சன்.

பீட்டர்சனைப் பழைய படச்சுருளில் இன்றும் பார்க்கலாம். 1975, கடைசி நாள், 16ஆவது கிரீன். நிக்லஸ் சுமார் 40 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டுகிறார். பந்து வளைந்து மேலேறிக் குழியில் விழ, பீட்டர்சன் வெள்ளை அங்கியோடு துள்ளிக் குதிக்கிறார். வென்றவருக்கு அணிவிக்கும் பச்சைக் கோட்டு அன்று நிக்லஸின் தோளுக்குப் போனது.

அதே 1975ஆம் ஆண்டு, அதே வாரம், இன்னொன்றும் நடந்தது. லீ எல்டர் ஆடினார். மாஸ்டர்ஸில் ஆட்டக்காரராகக் காலடி வைத்த முதல் கறுப்பினத்தவர். போட்டி பிறந்த 1934லேயே பிறந்தவர். சிறு வயதில் தாயையும் தந்தையையும் இழந்து பை தூக்கிப் பிழைத்தவர். தொழில்முறை கோல்ஃப் சங்கம் தன் சட்டத்தில் வைத்திருந்த 'வெள்ளையர் மட்டும்' என்ற பிரிவை 1961இல்தான் நீக்கியது. அதன்பிறகும் அகஸ்டா அழைக்கவில்லை. கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்டு 1967இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969இல் லாஸ் ஏஞ்சலஸிலும் பட்டம் வென்றார். அழைப்பு வரவே இல்லை. 1972 முதல், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிச் சுற்றில் பட்டம் வென்றவருக்குத் தானாகவே இடம் என்று விதி வந்தது. 1973இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 18 பேர் எல்டரை அழைக்கும்படி கடிதம் எழுதினார்கள், கிளப் இணங்கவில்லை. 1974இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் அவர் வென்ற பிறகு யாரும் தடுக்க முடியவில்லை.

கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த வாரம் அகஸ்டாவில் எல்டர் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்தார், எந்த இரவு எந்த வீட்டில் தூங்குகிறார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. முதல் நாள் 74 அடிகள், இரண்டாம் நாள் 78. அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை. தூக்கம் கெட்ட அந்த இரவுகளையும் சேர்த்துத்தான் அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

எழுபதுகளில் தொழில்முறைச் சுற்றில் நிரந்தரக் கேடி என்ற வழக்கம் வேரூன்றியது. ஆண்டு முழுக்க ஒரே ஆள். ஆட்டக்காரரின் அடி தூரம், கோபம், தயக்கம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரை அகஸ்டா வாசலில் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரோடு ஆட்டத்தின் மிகப் பெரிய வாரத்தை ஆட வேண்டியிருக்கிறதே என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1982இல் மழையால் முதல் நாள் ஆட்டம் பாதியில் நின்றது. மறுநாள் அதிகாலை ஆட்டம் தொடங்கியபோது சில கேடிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்டக்காரர்கள் கிளப்பின் தலைவர் ஹோர்டு ஹார்டினுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது: 1983 முதல் யார் வேண்டுமானாலும் தன் கேடியைக் கொண்டுவரலாம். அந்த 1982 பட்டத்தை வென்றவர் கிரெய்க் ஸ்டாட்லர். அவருடைய பையைத் தூக்கிய பென் பஸ்ஸி, பழைய விதியின் கீழ் வென்ற கடைசி உள்ளூர்க் கேடி.

ஆட்டக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தன் பிழைப்பு யாரை நம்பியிருக்கிறதோ அவரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தவறான ஆசை இல்லை. ஆனால் ஒரு காலைத் தாமதத்துக்கு ஒரு குடியிருப்பின் தலைமுறைத் தொழில் முழுவதும் விலையாகப் போனதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உறுப்பினர்களுக்குப் பை தூக்கும் அன்றாட வேலை தொடர்ந்தது. ஆண்டிலேயே பெரிய காசும் பேரும் வரும் வாரம்தான் போனது. 48 ஆண்டுகள் கேடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆட்டக்காரருக்குத் தராத கிளப், அதைத் தந்தபோது கேடிகளைக் கலந்து பேசியதாக எங்கும் நான் படித்ததில்லை. அந்த மாற்றத்தால் விளைந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 1983லேயே 1969ஆம் ஆண்டுச் சாம்பியன் ஜார்ஜ் ஆர்ச்சருக்கு அவருடைய மகள் எலிசபெத் பை தூக்கினார். அந்த அங்கியை அணிந்த முதல் பெண். 1986இல் நிக்லஸ் 46 வயதில் ஆறாவது பட்டத்தை வென்றபோது உடன் நடந்தது பீட்டர்சன் இல்லை, நிக்லஸின் மகன்.

எல்லாரும் கேடியை மாற்றிய பிறகும் ஆட்டக்காரர் பென் கிரென்ஷா மாற்றவில்லை. 1976 முதல் அவருக்கு அகஸ்டாவில் கேடி கார்ல் ஜாக்சன். குடும்பத்துக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, 1961இல் 14 வயதில் முதன்முதலாக மாஸ்டர்ஸில் பை தூக்கியவர். நெடிய உருவம், அளந்து பேசும் பேச்சு. 1984இல் இருவரும் வென்றார்கள்.

1995 வேறு மாதிரி. கிரென்ஷாவுக்கு 43 வயது. அந்த ஆண்டு ஆட்டம் சுமாராகத்தான் இருந்தது. சிறுவயது முதல் அவருக்குக் கற்றுத்தந்த குரு ஹார்வி பெனிக் போட்டிக்கு முந்தைய ஞாயிறு இறந்துபோனார். புதன்கிழமை டெக்சஸ் போய்ப் பிணப்பெட்டியைச் சுமந்துவிட்டுத் திரும்பி வந்து வியாழன் ஆடினார். அதற்கு முன்பு பயிற்சித் திடலில் அவர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாக்சன் இரண்டே விஷயம் சொன்னார்: பந்தைக் கொஞ்சம் பின்னால் வை, தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்பு. சில அடிகளிலேயே கிரென்ஷாவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஞாயிறு மாலை 18ஆவது கிரீனில் கடைசிப் பந்து விழுந்ததும் அவர் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜாக்சன் வந்து மேலே கவிந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் படம் கோல்ஃப் உலகில் எல்லாருக்கும் தெரியும். 1983க்குப் பிறகு உள்ளூர்க் கேடியோடு மாஸ்டர்ஸ் வென்றவர் கிரென்ஷா ஒருவர்தான், இரண்டு முறையும் இதே ஜாக்சனோடு. ஜாக்சன் மொத்தம் 54 மாஸ்டர்ஸ் போட்டிகளில் பை தூக்கினார்.

இந்த ஆண்டுகளில் பரிசுத்தொகை எங்கேயோ உயர்ந்துவிட்டது. 2025இல் வென்ற ரோரி மெக்கில்ராய்க்கு 42 லட்சம் டாலர். வென்றவர் தன் கேடிக்குப் பத்தில் ஒரு பங்கு தருவது சுற்றில் வழக்கம். அதன்படி பார்த்தால் இன்றைய அங்கிக்காரர் ஒரே வாரத்தில் நான்கு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்க முடியும். சாண்ட் ஹில்ஸ் பையன்கள் விதைத்த தொழில் காசு காய்க்கத் தொடங்கியபோது அவர்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை.

திடலும் மாறியது. 1981 போட்டிக்குள் கிரீன்களில் பெர்முடா புல்லை எடுத்துவிட்டு இன்னும் வழுக்கும் பென்ட் புல் போட்டார்கள். 1997இல் 21 வயதுக் கறுப்பின ஆட்டக்காரர் டைகர் உட்ஸ், நிர்ணயித்ததைவிட 18 அடி குறைவு, 12 அடி வித்தியாசம் என்று வென்று திடலைப் புரட்டிப் போட்ட பிறகு நீட்டத் தொடங்கினார்கள். அன்று 6,925 கெஜம், 2002இல் 7,270, 2025இல் 7,555. 1997 ஞாயிறன்று உட்ஸைப் பார்க்க லீ எல்டர் காரில் விரைந்து வந்து, வேகமாக ஓட்டியதற்குப் போலீஸிடம் மாட்டிக்கொண்டார். கிளப்பின் கறுப்பினச் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். தனக்கு முந்தைய கறுப்பின ஆட்டக்காரர்களான எல்டர், சிஃபோர்டு, டெட் ரோட்ஸ் ஆகியோருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக உட்ஸ் அன்றே சொன்னார்.

கிளப்பில் உறுப்பினராவதற்கான கதவு ஆட்டக்காரருக்கான கதவைவிட மெதுவாகத்தான் திறந்தது. முதல் கறுப்பின உறுப்பினர் ரான் டவுன்செண்ட், 1990இல். பெண்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று 2002இல் மகளிர் அமைப்புத் தலைவர் மார்த்தா பர்க் குரல் கொடுத்தபோது கிளப் பணியவில்லை. விளம்பரதாரர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று 2003, 2004 இரண்டு ஆண்டுகளும் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பியது. 2012இல் காண்டலீசா ரைஸும் டார்லா மூரும் முதல் பெண் உறுப்பினர்கள் ஆனார்கள். 2019 முதல் பெண் அமெச்சூர்களின் போட்டியின் இறுதிச் சுற்று அதே திடலில் நடக்கிறது. மாறாமல் வைத்திருப்பவற்றில் நான் மெச்சுவதும் உண்டு: பார்வையாளர் கைபேசி கொண்டுபோக முடியாது, மதிப்பெண் பலகையில் இன்னமும் கையால்தான் எண் மாட்டுகிறார்கள், சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர்தான்.

நம் பக்கத்து ஆட்களும் அங்கே வந்துவிட்டார்கள். இந்திய வம்சாவளியில் ஃபிஜியில் பிறந்த விஜய் சிங் 2000இல் வென்றார். 2007இல் ஜீவ் மில்கா சிங் ஆடினார். மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியர். கடைசிச் சுற்று நம் ஊர்க் கணக்கில் திங்கள் விடிகாலையில்தான் முடியும். 2021இல் ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா வென்ற விடிகாலை, கொடிக்கம்பைக் குழியில் திரும்ப வைத்த அவருடைய கேடி ஷோட்டா ஹயாஃபுஜி, தொப்பியைக் கழற்றித் திடலை நோக்கித் தலைவணங்கினார். அன்று அவரைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். அதே வாரம் வியாழன் காலையில்தான் கௌரவத் தொடக்க ஆட்டக்காரராக லீ எல்டர் வந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நிக்லஸும் இன்னொரு முன்னாள் சாம்பியன் கேரி பிளேயரும் தொடக்கப் பந்தை அடித்தார்கள். அவருக்கு அடிக்கத் தெம்பில்லை. நவம்பரில் காலமானார்.

பழைய கேடிகளின் அறிவு அவர்களோடு போய்விடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கிரீன் சரிவுகளை அச்சிட்ட கையேடுகள் மற்றப் போட்டிகளில் புழங்கிய நாட்களிலும் அகஸ்டா அவற்றை அனுமதிக்கவில்லை. அதனால் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். இளைஞர் ஜோர்டன் ஸ்பீத், தன்னைப் போலவே டெக்சஸ்காரரான கிரென்ஷா மூலம் ஜாக்சனிடம் கேட்டார். பந்துகள் எந்தப் பக்கம் இழுபடும் என்று ஜாக்சன் ஐம்பது ஆண்டுகளில் கண்டுவைத்ததைச் சொல்லித்தந்தார். ஸ்பீத்தின் கேடி மைக்கேல் கிரெல்லர், முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியார். திடலில் சந்தேகம் வரும்போது "கார்ல் சொல்வது என்ன?" என்பதுதான் இருவருக்கும் பேச்சு. 2014இல் இரண்டாம் இடம். 2015இல், உட்ஸ் 1997இல் எடுத்த மொத்தம் 270 அடிகள் என்ற எண்ணைத் தொட்டுப் பட்டம்.

அகஸ்டா ஊருக்குச் சொந்தமான நகராட்சித் திடல் ஒன்று உண்டு. ஊரார் அதை 'தி பேட்ச்' என்பார்கள். நேஷனலில் பை தூக்கிய பலர் தாங்கள் ஆடப் போன இடம் அது. பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த அதை அகஸ்டா நேஷனல் உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியோடும் சிறுவர் கோல்ஃப் அமைப்போடும் சேர்ந்து புதுப்பிக்க முன்வந்தது. அங்கே சிறிய குழிகள் கொண்ட திடல் ஒன்றை உட்ஸ் வடிவமைப்பார் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அங்கே போகும் சாலைக்கு ஜிம் டென்ட்டின் பெயர். அகஸ்டாவில் பிறந்து, சிறுவனாகப் பை தூக்கி, பின்னர் முதியோர் சுற்றில் 12 பட்டங்கள் வென்றவர். எல்டரின் பெயரில் அகஸ்டாவின் பெய்ன் கல்லூரியில் கல்வி உதவித்தொகையும் உண்டு. சாண்ட் ஹில்ஸ் பிள்ளைகள் இந்தத் திடலில் ஆடலாம், அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் புல்வெளிப் பராமரிப்பும் படிக்கலாம். அவர்களில் எத்தனை பேர் ஒரு ஏப்ரலில் அந்த வெள்ளை அங்கியையோ, அதற்கு முன்னால் நடப்பவரின் இடத்தையோ பிடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்த முயற்சிகளை நான் அளப்பேன்.